எங்கள் தெரு டிவியின் 23 கேசட்டுகளும் சிவாஜிநகர் பாய் கடையும்

சிவாஜிநகரில் ரஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், பழைய வீடியோ கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கீழே மிக்ஸி ரிப்பேர் கடையில் "கேசட் பாய் எங்கே?" என்று கேட்டால் படியைக் காட்டுவார்கள். 23 விஎச்எஸ் கேசட்டுகளை அங்கே கொடுத்து, ஐந்து வாரம் கழித்து எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் வாங்கி வந்திருக்கிறேன். பரண் மேல் கேசட் வைத்துக்கொண்டு, என்றைக்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் பெங்களூர்க்காரர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் முதலில் போன இடம் வேறு, அங்கே பட்டதையும் சொல்ல வேண்டும்.

முதலில் இவை என்ன கேசட்டுகள் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடியோ இல்லை. அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் 1995-லிருந்து 2003 வரை எங்களுக்கென்று ஒரு டிவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மணி நேரம். பெயர் எதுவும் வைக்கவில்லை, எல்லோரும் 'நம்ம சேனல்' என்பார்கள். என் மாமா கல்யாண வீடியோ எடுக்கிறவர், தோளில் தூக்கி வைக்கும் பானாசோனிக் எம் 9000 அவரிடம் இருந்தது. பக்கத்துத் தெரு கேபிள் அண்ணன் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு கண்ட்ரோல் ரூம் வைத்திருந்தார். 1995 செப்டம்பர் 8-ஆம் தேதி, ஆரோக்கிய மாதா திருவிழாவில் சிவாஜிநகர் தேரை மாமா படம் எடுத்தார். அன்று ராத்திரியே கேபிள் அண்ணன் அதைத் தன் விசிஆரில், அதாவது கேசட் ஓட்டும் டெக்கில், போட்டு ஒரு காலிச் சேனலில் ஓட விட்டார். மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் பெண்கள் நின்றார்கள், இன்னொரு தடவை போடுங்கள், எங்கள் முகம் வந்ததாமே என்று. அப்படித்தான் ஆரம்பித்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. பேட்டரிப் பையைத் தூக்கிக்கொண்டு மாமா பின்னால் போவது என் வேலை. அந்தக் கண்ட்ரோல் ரூம் எப்படி வேலை செய்தது என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மாடியில் நாலைந்து டிஷ், உள்ளே ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரிசீவர், அந்தப் படத்தை ஒரு சேனல் நம்பரில் ஏற்றும் ஒரு மாடுலேட்டர், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வயரில் அனுப்பும் ஒரு பெட்டி. அங்கிருந்து கம்பம் கம்பமாகக் கேபிள், நடுநடுவே சிக்னலைத் தூக்கிவிட ஆம்ப்ளிஃபயர். ஒரு மாடுலேட்டரில் டிஷ்ஷுக்குப் பதிலாக விசிஆரைச் சொருகினால் போதும், தெரு முழுக்க அந்தப் படம் வந்துவிடும். பெரிய முதலீடோ ஸ்டுடியோவோ தேவைப்படவில்லை, கேபிள் அண்ணனின் மனசுதான் தேவைப்பட்டது.

சித்திதான் செய்தி படிப்பார். எட்டுப் பேர் கொண்ட குழு, அதில் மூன்று பேர் பெண்கள். குழாயில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எஸ்எஸ்எல்சி-யில் யார் யார் பாஸ், யார் வீட்டில் துக்கம், எப்போது எடுக்கிறார்கள். எப்போதும் முதலில் கன்னடத்தில் வணக்கம், அப்புறம் தமிழ். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் இந்த ஊரில் தமிழர்கள் பட்டது எல்லோர் வீட்டிலும் நினைவில் இருந்தது, அதனால் சித்தி அந்த வரிசையை ஒரு நாளும் மாற்றியதில்லை.

2003-ல் கேபிள் அண்ணன் லைனைப் பெரிய நெட்வொர்க் ஒன்றுக்கு விற்றுவிட்டார். 2013 மார்ச்சோடு பெங்களூரில் செட் டாப் பாக்ஸ் கட்டாயமானது, அதற்குப் பிறகு தெருக் கேபிள்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு விசிஆரைச் சொருகுகிற வழியே அடைபட்டுப் போனது. மாமா போன பிறகு கேசட்டுகள் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தன.

இனி கடைகள். முதலில் ஊரின் வேறொரு பக்கத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஸ்டுடியோவுக்கு மூன்று கேசட் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றே நாளில் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வந்து பார்த்தால் சித்தியின் முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாக இருக்கிறது. பழைய டிவி அளவுப் படத்தைப் புது டிவிக்குத் தகுந்தபடி இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். மூலையில் அவர்கள் கடை முத்திரை, ஒரு மணி நேரம் பூராவும். ஒரு கேசட் நடுவில் அறுந்து, செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, "பழைய கேசட் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். எதையும் மறைக்கவில்லை, ஆனால் வருத்தமும் படவில்லை. அந்தச் செல்லோ டேப்தான் எனக்குத் தாங்கவில்லை.

பாய் கடைக்கு என்னை அனுப்பியது எங்கள் தெரு டெய்லர். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மேலே எட்டடிக்கு எட்டடி அறை. மூன்று விசிஆர்: ஒரு பானாசோனிக், ஒரு ஜேவிசி எஸ்-விஎச்எஸ், ஒரு சோனி. சுவரோரம் உயிர் போன டெக்குகள் அடுக்கடுக்காக. உதிரிப் பாகத்துக்காக ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கி வருவாராம். உலகத்தில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி இருக்கிற ஹெட் (ரிப்பனில் பதிந்ததைப் படிக்கும் முனை), இருக்கிற பெல்ட் தேயும் வரைக்கும்தான் இந்த வேலை.

"ஓடுமா பாய்?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு கேசட்டை எடுத்து மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு சின்ன டார்ச்சை அடித்து, கேசட்டின் கண்ணாடி வழியாக உள்ளே சுருளின் ஓரத்தைப் பார்த்தார். "பூசணம் பிடிச்சிருக்கு தம்பி. இதை அப்படியே டெக்ல போட்டா ஹெட்டும் போயிடும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கும். வச்சுட்டுப் போங்க." 23-இல் ஆறு கேசட் அப்படி. மழைக்காலத்து ஈரம் பரணில் ஏறியிருக்கிறது, நாங்கள் கவனிக்கவே இல்லை.

அடுத்த வாரம் போனபோது அவர் அந்த வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பின்பக்கம் ஐந்து திருகாணி. அவற்றைக் கழற்றி மேல் மூடியைத் தூக்கினால் இரண்டு சக்கரம், நடுவே கறுப்பு ரிப்பன், அரை அங்குல அகலம். சுருளின் விளிம்பில் வெள்ளையாக, மாவு தூவின மாதிரி. முகத்தில் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு எடுத்துப்போனார், அறைக்குள் பூசணம் பறக்கக் கூடாது என்று. கையால் சுற்றும் ஒரு பழைய இயந்திரத்தில் மாட்டி, மெல்லிய துணிக்கு நடுவே ரிப்பனை விட்டு முழு நீளத்தையும் மெதுவாக ஓட்டித் துடைத்தார். ஒரு கேசட்டுக்கு முக்கால் மணி நேரம். அப்புறம் வேறொரு சுத்தமான கூட்டுக்குள் சுருளை மாற்றிவிட்டார். டெக்கில் போட்டதும் உடனே பிளே அழுத்தவில்லை. ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, திருப்பிச் சுற்றி, ரிப்பன் தளர்ந்த பிறகுதான். ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த மெல்லிய தோலால் துடைக்கிறார். பஞ்சு போடக் கூடாதாம், நார் சிக்கி ஹெட் உடைந்துவிடும். வீட்டில் விசிஆர் இருக்கிறதே, நாமே போட்டுப் பார்ப்போம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து பழைய கேசட்டை அதில் போட்டுவிடாதீர்கள்.

படம் ஆடாமல் நிற்பதற்கு டைம் பேஸ் கரெக்டர் என்று ஒரு பெட்டி வழியாக அனுப்புகிறார். ஒவ்வொரு கேசட்டையும் மூன்று டெக்கிலும் போட்டு, எதில் படத்தின் குறுக்கே ஓடும் டிராக்கிங் கோடு குறைவோ அதில்தான் ஏற்றுகிறார். நிறத்தைத் தொடுவதில்லை, மூலையில் முத்திரை இல்லை, படம் பழைய டிவி அளவிலேயே இருக்கிறது. பெரிய ஃபைல் ஒன்று, போனில் பார்க்கச் சின்னது ஒன்று. பெரியது மணிக்குச் சுமார் 13 ஜிபி வருகிறது, எங்களுடையது மொத்தம் 51 மணி நேரம், 650 ஜிபிக்கு மேல் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். 1 டிபி எடுத்துப் போங்கள்.

இதெல்லாம் நல்ல வேலைக்காரர் யாரும் செய்வார் என்று சொல்லலாம். நான் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. மாமா காலத்தில் ஒரு கேசட் நூறு ரூபாய்க்கு மேல். எட்டுப் பேரும் காசு போட்டு வாங்கியது. அதனால் அடுத்த வாரம் அதன் மேலேயே மறுபடி பதிவார்கள், அதற்கடுத்த வாரம் மறுபடி. எட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் மிஞ்சியது 23 கேசட் என்பது அதனால்தான். கண்ணாடிக் கதவு ஸ்டுடியோவில் நிகழ்ச்சி முடிந்து புள்ளி புள்ளியாக வந்ததும் நிறுத்திவிட்டார்கள். பாய் நிறுத்துவதில்லை. ஒரு நாள் அவரே போன் செய்தார், அவர் போன் செய்தது அந்த ஒரு தடவைதான். "தம்பி, அந்தக் கார்ப்பரேஷன் எலக்சன் கேசட் இருக்கே, நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. நான் விட்டுட்டேன், ஓடட்டும்னு. அடியில வேற ஏதோ இருக்கு. வந்து பாருங்க."

மேலே பதிந்தது நாற்பது நிமிடம் என்றால், அதற்குப் பிறகு கிடப்பது அதற்கு முன்னால் பதிந்ததன் மிச்சம். போய்ப் பார்த்தேன். இருட்டு, தெரு, மஞ்சள் சட்டைகள். எங்கள் தெருவைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பிரேசில் கால்பந்து வீரர் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கும் இடம் அது. 1998 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம், பிரேசிலும் பிரான்ஸும், நம் கணக்குக்கு ஜூலை 13 விடிவதற்கு முன் பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கியது. தெருவில் ஸ்டூல் போட்டு அதன் மேல் டிவி. மாமா டிவியைப் படம் எடுக்கவில்லை, டிவி பார்க்கிறவர்களை எடுத்திருக்கிறார். பாதிக்கு மேல்தான் மிச்சம் இருக்கிறது, பிரான்ஸின் ஜிடான் போட்ட இரண்டு கோலும் அதற்கு முன்பே விழுந்துவிட்டன, எல்லா முகமும் இறுகிப் போய் இருக்கிறது. கடைசி நிமிடத்தில் பெதி மூன்றாவது கோல் போடும்போது யாரும் சத்தம் போடவில்லை. முன் வரிசையில் ஒரு தாத்தா மெதுவாக எழுந்து, தலையில் கட்டியிருந்த மஞ்சள் துண்டை அவிழ்த்து, நிதானமாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கேமராவைக் கடந்து போகிறார். மாமா கேமராவைத் திருப்பி, அவர் வீட்டு வாசல் வரை போவதைக் காட்டுகிறார். அந்தத் தாத்தாவின் வீட்டில் அவர் போட்டோ ஒன்று கூட இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்தத் துண்டை மடிக்கிற பத்து நொடியை அவர் பேத்திக்கு அனுப்பினேன்.

ஒன்பது கேசட்டுகளில் இப்படி அடியில் ஏதாவது இருந்தது. எல்லாவற்றையும் கடைசி வரை ஓட விட்டு, எந்த நிமிடத்தில் அடியில் இருப்பது தொடங்குகிறது என்று தன் நோட்டில் குறித்து வைத்திருந்தார் பாய். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

மற்ற கேசட்டுகளைப் பற்றியும் கொஞ்சம். 1996 பொங்கல் நிகழ்ச்சியில் அல்சூர் ஏரிப் பக்கம் பேசிக்கொண்டே நடக்கிறார் சித்தி, பின்னால் துணி போட்டுக் கட்டி மூடிய உயரமான உருவம் ஒன்று வந்துபோகிறது. என் பையன் "அது என்னப்பா?" என்றான். அது திருவள்ளுவர். 1991-ல் வைத்த சிலை, 18 வருடம் மூடியே இருந்து 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் திறந்தார்கள். தினம் அந்த வழியாகப் போகிறவன் நான், மூடியிருந்தது மறந்தே போயிருந்தது. 2000-ல் கன்னட நடிகர் ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்த சமயத்தில் எடுத்த கேசட் ஒன்றில், நிகழ்ச்சி மொத்தமே பன்னிரண்டு நிமிடம். பிள்ளைகளை இருட்டும் முன் வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று கன்னடத்திலும் தமிழிலும் சித்தி சொல்கிறார், அவ்வளவுதான். குரல் நடுங்கவில்லை, கையில் காகிதம் நடுங்குகிறது. 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடிய பிறகு மாமா ரயிலேறிப் போய் அங்கே எங்கள் சொந்தக்காரர்களைப் பேச வைத்து எடுத்தது முழுசாக ஒன்றரை மணி நேரம் கிடைத்திருக்கிறது. ஒரு பெரியப்பா தலைவிளக்கைத் துணியில் சுற்றி எடுத்து வந்து காட்டி, மறுபடி சுற்றி வைக்கிறார். இதை நாங்கள் மட்டும் வைத்துக்கொள்வது சரியில்லை என்று தோன்றுகிறது.

எங்களைப் போல வேறு யாராவது செய்தார்களா என்று இதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1971-லேயே நியூயார்க் மன்ஹாட்டனில் கேபிளில் பொதுமக்களுக்கென்று சேனல் விட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் நேரம் கேட்டு வாங்கலாம். 1972-ல் அது பெரிய நகரங்களுக்கெல்லாம் அரசு விதியானது, 1979-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது, 1984-ல் புதிய கேபிள் சட்டம் வந்து, அந்தந்த ஊர் நிர்வாகமே கேபிள் கம்பெனியிடம் அப்படிச் சேனல் கேட்டு வாங்கலாம் என்றது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் 1975-ல் குஜராத் கேடா மாவட்டத்தில், பிஜ் என்ற ஊரில், இஸ்ரோ ஒரு சின்ன ஒளிபரப்பி வைத்து, அந்த ஊர் மக்களின் கூலிப் பிரச்சினையையும் சாதிக் கொடுமையையும் அவர்களை வைத்தே படமாக்கிக் காட்டியிருக்கிறது. 1984-ல் அகமதாபாத்தில் சுயதொழில் பெண்களின் சேவா சங்கத்துப் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாத பலரும் அதில் உண்டு, கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு தங்கள் படங்களைத் தாங்களே எடுத்திருக்கிறார்கள்.

இதைப் பாயிடம் சொன்னேன். "இங்க மார்க்கெட்டுக்குள்ளயே ஒரு டிவி ஓடுச்சே தம்பி, தெரியாதா?" என்றார். உண்மைதான். 2004-ல் ஷைனா ஆனந்த் என்ற கலைஞர் பெங்களூர் ஸ்ருஷ்டி கலைக் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து ரஸல் மார்க்கெட்டுக்குள் ரஸ்ல் டிவி என்று தற்காலிகமாக ஒன்றை நடத்தினார், மார்க்கெட் ஆட்களை வைத்து, மார்க்கெட் ஆட்களுக்காக. அவர் பிறகு மும்பையில் கேம்ப் என்ற கலைஞர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், அந்தக் குழுவும் பெங்களூரின் ஆல்டர்னேட்டிவ் லா ஃபோரம் என்ற வழக்கறிஞர் குழுவும் மற்றவர்களும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய பேட்.மா என்ற இணையக் காப்பகம், முடிந்த படங்களை விட, வெட்டாமல் எடுத்த காட்சிகளை நிமிடம் நிமிடமாகக் குறிப்பெழுதி வைக்கிறது. பாயின் நோட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். தங்கவயல் கேசட்டை அப்படி எழுத்துக் குறிப்போடு வைக்க வேண்டும் என்று ஆசை, பெரியப்பா குடும்பத்திடம் சம்மதம் கேட்டிருக்கிறேன்.

சரி, காசு விஷயம். கேசட்டுக்கு 400, பூசணம் துடைக்க 150, அறுந்ததை முறையான டேப்பால் ஒட்ட 100. எனக்கு 10,200 ஆனது. ஸ்டுடியோவில் மூன்று கேசட்டுக்குக் கொடுத்ததையும் நினைத்தால் இது அதிகமில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் என்றார், ஐந்து வாரம் ஆனது. போனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். ரசீது கிடையாது, நோட்டில் நம்பர் எழுதி அதே நம்பரைக் கேசட்டில் ஒட்டுகிறார். எனக்கு ஒன்றும் மாறவில்லை, ஆனால் நிறையக் கொடுப்பவர்கள் தாங்களும் ஒரு பட்டியலும் போட்டோவும் வைத்துக்கொள்வது நல்லது. நாலு கேசட்டில் சத்தம் மிகவும் குறைவு, அதைக் கூட்டித் தரும் வசதி அவரிடம் இல்லை. விஎச்எஸ் மட்டும்தான், சின்னக் கேமரா கேசட்டுகளை வாங்குவதில்லை. அடுத்த வாரம் அறுபதாம் கல்யாணம், அதில் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவசரத்தில் இருப்பவர்கள் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல்தான் கதவு திறக்கும். மற்ற நாட்களில் காலை பதினொன்றுக்குப் போனால் கூட்டம் இருக்காது, டீ வரவழைத்துக் கொடுப்பார்.

திரும்பக் கொடுத்த கேசட்டுகளைப் படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிற்க வைக்கச் சொன்னார், பரணில் இல்லை, காற்றோட்டமான அலமாரியில். அப்படியே வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு சித்தி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் பார்த்தோம். கேபிள் அண்ணனும் வந்திருந்தார், இப்போது நடக்கக் கஷ்டம், மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். தன் பழைய தகரக் கொட்டகை திரையில் வந்ததும் "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். மறுநாள் மகனிடம் நாலு கேசட் கொடுத்து அனுப்பியிருக்கிறார், அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்ததாம். ஒன்றில் 'பூப்பல்லக்கு 97' என்று மாமா கையெழுத்து. மற்ற மூன்றிலும் லேபிள் இல்லை. சனிக்கிழமை பாயிடம் கொண்டுபோகிறேன்.